குடை பிடித்து மிதந்தவர்

செட்டிகுளத்தில் நான் கண்ட அந்தப் புடவை வியாபாரியின் பெயர் தெரியாது. வைகாசி மத்தியானங்களில் குளத்து நடுவே மல்லாந்து மிதப்பார், வெயிலுக்குக் குடை பிடித்தபடி. தொந்தி சின்னத் தீவு போலத் தெரியும்.

ஒருநாள் கரையில் நின்ற மச்சானுக்கு அடிமண் அள்ளிக் காட்டுவதாகச் சவால்விட்டு, அவரருகே நீந்திப் போனேன்.

“தம்பி, அடிக்குச் சுழியோடாதையும். மேல்தண்ணிதான் சூடு. அடியிலை பனிக்கட்டி மாதிரி. கால் விறைக்கும்.”

“எனக்குப் பழக்கம், அண்ணை!”

பழக்கம் எனக்கு வாய்ச்சொல்லில்தான். அடிக்குளிர் பட்டதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பாதிக் குளத்தைக் குடித்து மேலே வந்தபோது அவருடைய பாதம் கையில் அகப்பட்டது.

“அண்ணை, கரைக்கு இழுங்கோ!”

“எனக்கு நீந்தத் தெரியாது, தம்பி. மிதக்கத்தான் தெரியும். உதறாமல் பிடியும். சோளகக் காத்து கொண்டுபோய் விடும்.”

பாதத்தைப் பிடித்தபடி நானும் மல்லாந்தேன். குடையில் காற்று ஏறியது. முகில்கள் மேலேயும் நீரிலும் ஊர்ந்தன. நடுவே இளஞ்சூட்டில் நாங்கள். கால்வலி எப்போது போனதென்று தெரியவில்லை. எதிர்க்கரை மண் முதுகில் முட்டியது.

“எழும்பும், தம்பி.”

கரைக்கு இழுக்கச் சொல்லி அலறிய அதே வாயால் கேட்டேன்: “இன்னும் கொஞ்சம் மிதப்பமோ, அண்ணை?”