கனடாவுக்குப் போன சாம்பல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் வாயால் முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஊதுபத்தி, சாம்பிராணி, பருத்தித் துணி எல்லாம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரம். முதலாளி அயர்லாந்துக்காரர். இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தமிழ் பேசுவார், மரியாதை மட்டும் அதில் சேராது. பார்சல் கட்டுவது, பெருக்குவது, டீ போடுவது எல்லாம் நான்.

அவருக்கு ஒரே ஒரு பழைய சிநேகிதர். இருவரும் அயர்லாந்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்களாம். சிநேகிதர் பிழைப்புக்காகக் கனடா போய் அங்கேயே தங்கிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்ததும் இருவரும் வீடியோவில் பேசுவார்கள். கனடாக்காரர் ஒருமுறை இங்கே வந்து கிரிவலமாகக் கோயில் மலையைச் சுற்றியிருக்கிறார். போன வருஷம் வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்த பிறகு இவரிடம் ஒன்று கேட்டார். பௌர்ணமிதோறும் தனக்காக மலை சுற்றி, கோயில் விபூதி அனுப்ப வேண்டும். இவரும் ஒத்துக்கொண்டார். மாதம் ஒரு பொட்டலம் போகும்.

முதல் இரண்டு பொட்டலம் வெள்ளையாக இருந்தது. மூன்றாவது கறுத்திருந்தது. ஏனென்று கேட்டேன்.

“ஹோமம் சாம்பல், அக்கா. அதான் கருப்பு. பவர் ஜாஸ்தி” என்றார்.

நானும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டினேன்.

அது போய்ச் சேர்ந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கனடாக்காரர் திரையில் நெற்றியைக் காட்டினார். கோணலாக ஒரு கீற்று. எங்கள் வீட்டில் விபூதியை நெற்றியில் இட்டுவிட்டு ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். வயிற்று வலி என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, முதலாளியின் தோளுக்குப் பின்னாலிருந்து, “சார், கொஞ்சம் வாயிலயும் போட்டுக்கங்க. வயித்துக்கு நல்லது” என்று சொல்லி, நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து அதை இங்கிலீஷில் எடுத்தும் சொன்னார். அன்றிலிருந்து கனடாக்காரர் தினமும் ஒரு சிட்டிகை தின்றார்.

மூன்று மாதம் போயிற்று. பௌர்ணமி முடிந்த காலை. கூட்டத்தில் பஸ் கிடைக்காதென்று விடியும் முன்பே கிளம்பியதில், ஒரு வேனில் இடம் கிடைத்து சீக்கிரமே வந்துவிட்டேன். ரோடெல்லாம் மிதிபட்ட பாக்குமட்டைத் தட்டுகள், அவற்றில் புளித்த சாம்பார் சாதம், ஓரமெல்லாம் மூத்திர நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு கடையின் பின்பக்கம் போனேன்.

முதலாளி குந்தி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தகர டப்பா. புது ஊதுபத்தி வந்தால் அதில்தான் கொளுத்தி மணம் பார்ப்போம். அதில்தான் அவர் சிகரெட்டை நசுக்குவார், ஆரஞ்சுத் தோலைப் போடுவார், சில நாள் எச்சிலும் துப்புவார். அந்தச் சாம்பலை ஒரு வடிகட்டியில் கொட்டித் தட்டிக்கொண்டிருந்தார். மேலே தங்கியது சிகரெட் பஞ்சும் கரப்பான்பூச்சியின் காலும். கீழே தட்டில் மெத்தென்று விழுந்தது கனடாவுக்கு. அந்த வடிகட்டி நான் டீ வடிகட்டுவது.

“என்ன சார் இது?”

“பௌர்ணமி ரொம்ப கூட்டம், அக்கா. எனக்கு கூட்டம் பிடிக்காது. சாம்பல் சாம்பல்தான். அவன் ஹேப்பியா இருக்கான், இல்ல?”

“அவரு அத துன்றாரு சார்!”

“நீதானே சொன்ன?” என்று கண்ணடித்தார்.

வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “அப்ப நீயும் இத்தினி நாளா சிகரெட் டீதான் குடிச்சிருக்க.”

“சிரிக்காதீங்க. வயித்த அறுத்த மனுஷன் அவரு.”

“அதுக்கு நீ இன்னா பண்ணுவ? வாய மூடிகினு வேலையப் பாரு.”

முதலாளியை நினைத்தாலும் அருவருப்பு, சிரிக்கிற இவரைப் பார்த்தாலும் அருவருப்பு. என்மேல்தான் ஜாஸ்தி. நாக்கை நீட்டிக் காட்டியது நான்தானே?

அடுத்த செவ்வாய்க்கிழமை பேச்சின் நடுவில் மொத்தச் சரக்கு கேட்டு ஓர் ஆள் வந்தார். முதலாளி போனைப் பெட்டிமேல் சாய்த்துவிட்டு வெளியே போனார். நான் போய்ப் போனுக்கு முன்னால் நின்றேன்.

“சார், நோ ஈட். நோ டெம்பிள்.”

கனடாக்காரருக்குப் புரியவில்லை. வணக்கம் வைத்துச் சிரித்தார். டப்பாவைத் தூக்கிவந்து போனுக்கு நேராகச் சாய்த்தேன். சிகரெட் துண்டுகள் உருண்டன. நாக்கை நீட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் முகம் மாறியது. இப்படி எத்தனை பொட்டலம் என்று விரல்களை விரித்துக் கேட்டார். நாலு விரலைக் காட்டினேன். பிறகு அவர் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், மலை சுற்றினானா என்று. இல்லையென்று தலையாட்டினேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டார். பிறகு திரை அணைந்துபோயிற்று.

முதலாளி திரும்பி வந்தார். “கட் ஆச்சா?”

“நான் சொல்லிட்டேன் சார்.”

அவர் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. “சின்ன வயசுல இருந்து அவன் எனக்கு ஃப்ரெண்டு. நீ ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்ட.”

அந்த நாறும் டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

மறுநாள் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டதாகவும், டாக்டரிடம் போவதாகவும், இனி எதுவும் அனுப்ப வேண்டாம், போனும் செய்ய வேண்டாம் என்றும் எழுதியிருந்ததாக முதலாளி சொன்னார். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அன்றைக்கு ஆறு பார்சல் கட்டினேன், கனடாவுக்கு ஒன்றும் இல்லை.