நாலு முள்ளும் ஆறு முள்ளும்

சங்கோ சிப்பியோ கையில் கிடைத்தால் ஞானசுந்தரி முதலில் அதன் முதுகைத்தான் திருப்பிப் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் பரிசாக வந்த சிப்பி விளக்கை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வெறும் சிப்பி" என்று திரும்ப வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரியில் அவர் விலங்கியல் ஆசிரியை. ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் வெள்ளைத்தாய்க்கு இதெல்லாம் பழகிவிட்டது.

ஞானசுந்தரி தேடுவது சிப்பிமேல் சரிகை ஒட்டியதுபோல் படரும் வெள்ளைப் பொருக்கு. கடுகைவிடச் சின்ன அறைகளில் ஆயிரக்கணக்கான பிராணிகள் சேர்ந்து வாழும் கூட்டம் அது. பிரையோசோவா என்பார்கள்.

"காலனி வீடு மாதிரி, வெள்ளைத்தாயி. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும். வாசப்படியப் பாத்துத்தான் யாரு வீடுன்னு சொல்லணும்."

"கடலு எம்புட்டுத் தூரத்துல கெடக்கு. நீங்க இங்கன உக்காந்து வாசப்படி பாக்கீக."

2006இல், தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் ஜேசுதாசன் கொடுத்த பொருக்கில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஆறு முள் இருந்தது. தெரிந்த இனத்துக்கு நாலுதான். புது இனமா, முள் கூடுதலாக முளைத்த பழைய இனமா என்பதை மரபணுதான் சொல்ல வேண்டும். "புதுசுன்னா ஒங்க பேருதான்ணே வைப்பேன்" என்றார் ஞானசுந்தரி. ஜேசுதாசனின் மனைவி அந்த ஞாயிறே கோவிலில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.

மரபணு பார்க்க அனுப்பிய பாட்டிலைக் கொச்சி ஆய்வகம் திருப்பி அனுப்பியது. ஃபார்மலினில் ஊறி மரபணு சிதைந்துவிட்டதாம். ஸ்பிரிட்டில் போட்டிருக்க வேண்டுமாம். கல்லூரியில் ஸ்பிரிட்டுக்கு இடமில்லை. "பட்டாசு ஊருல எரியுறத வாங்கி அலமாரியில அடுக்கச் சொல்லுதீகளா?" என்று செயலர் என்றோ கேட்டு முடித்திருந்தார்.

ஜேசுதாசன் மறுபடி முங்கினார். புதுப் பொருக்கை இரவல் ஸ்பிரிட்டில் போட்டு, கல்லூரி மைக்ராஸ்கோப்பில் முள்ளை எண்ணாமல் கொச்சிக்கு அனுப்ப மனமில்லாமல், ஞானசுந்தரி தூத்துக்குடியில் சிவகாசி பஸ் ஏறினார். கோவில்பட்டி தாண்டியதும் வாடை கிளம்பிவிட்டது.

"எங்க பட்டாசுக் கம்பெனிக்குள்ள தீப்பெட்டிகூட விட மாட்டாக. இந்தம்மா மடியிலயே வச்சிருக்கு!" என்றாள் பக்கத்து சீட்டுப் பெண்.

"உள்ள உசுரு இருக்குங்க" என்றார் ஞானசுந்தரி.

"உசுரோடவா, செத்ததா?" என்றார் கண்டக்டர்.

"செத்ததுதான்."

"அப்ப எறங்குங்க."

மீதித் தூரத்தை நடந்தார். குடையைப் பாட்டிலுக்குப் பிடித்துக்கொண்டார்.

முள் ஆறுதான். மூன்று மாதம் கழித்து மரபணு முடிவு வந்தது: பழைய இனமேதான். அதற்கு ஏற்கெனவே யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் இருந்தது.

ஜேசுதாசன் இன்னும் விலங்கியல் துறைக்கு ஃபோன் பண்ணுகிறார். "பேரு வச்சாச்சா டீச்சருன்னு கேளும்மா."

அவர் குரல் கேட்டதும் வெள்ளைத்தாய் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். "கிளாஸ்ல இருக்கேன்னு சொல்லு" என்பார் ஞானசுந்தரி. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. விறுவிறுவென்று எதிரே உள்ள காலி வகுப்பறைக்குள் போய், ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, ஃபோனை வைக்கும் சத்தம் கேட்கும்வரை பெஞ்சுகளைப் பார்த்தபடி நிற்பார்.