பெருக்கி வைத்திருந்த தெரு

காலை ஏழேகாலுக்கு பர் துபாயில் வண்டி ஏறினேன். 1975, ஏப்ரல் மாதம், வெள்ளிக்கிழமை விடுமுறை. நான் வரைபடம் போடுகிறவன். வாரத்தில் ஆறு நாள் புதுக் கட்டடங்களுக்குக் கோடு கிழித்துவிட்டு, ஏழாம் நாள் பழைய கட்டடங்களைத் தேடிப் போகும் கிறுக்கு எனக்கு உண்டு. “இடிஞ்ச சுவரைப் பார்க்க எழுபது திர்ஹமா?” என்று மனைவி கேட்டாள். டாக்ஸிக்கு நாள் வாடகை அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டேன்.

ஓட்டுநர் குல் கான், பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர். ஷார்ஜா, அஜ்மான் தாண்டி, இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் மணலுமாக எண்பது கிலோமீட்டர் போனோம். வழியில் பார்த்த ஒட்டகங்கள்தான் மனிதர்களைவிட அதிகம்.

எட்டே முக்கால். ராஸ் அல் கைமாவின் எல்லைக்குள் இருக்கும் ஜஸீரத் அல் ஹம்ரா. முத்துக் குளிப்பவர்கள் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய கடற்கரை ஊர். ஆறேழு வருடத்துக்கு முன் குடும்பம் குடும்பமாகப் பட்டணங்களுக்குப் பிழைக்கப் போய்விட்டார்களாம். குல் கான் ஊருக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

“உள்ளே ஜின், பேய் எல்லாம் இருக்கு பாய். நீங்க போயிட்டு வாங்க, நான் ரேடியோ கேட்கிறேன்” என்றார் இந்தியில்.

சிரித்துக்கொண்டே போனேன். முதல் சந்திலேயே சிரிப்பு நின்றுவிட்டது. தெரு பெருக்கியிருந்தது. ஈச்ச மட்டையின் கீறல்கள் மணலில் விசிறி விசிறியாக, வாசலுக்கு வாசல் ஒழுங்காகப் போயின. ஒரு காலடித் தடம்கூட இல்லை. காற்று இப்படிப் பெருக்காது என்று தெரியும். ஆனாலும் காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திறந்து கிடந்த ஒரு வீட்டை எட்டிப் பார்த்தேன். மூலையில் மண் ஜாடி, சுருட்டி வைத்த பாய், ஆணியில் ஒரு குழந்தைச் சட்டை. வாசல் உயரம் ஐந்தடி என்று குறித்துக்கொண்டு எதிரிலிருந்த பள்ளிவாசலுக்குப் போனேன். கூம்பு போன்ற சின்ன மினாரா. இடிந்திருந்தாலும் தொழுகை நடந்த இடம் என்று செருப்பை வெயிலில் கழற்றிப் போட்டுவிட்டு நுழைந்தேன். உள்ளே தூண்களை டேப்பால் அளந்துகொண்டிருந்தபோது வெளியே எங்கோ ஒரு கீல் முனகியது. பதினைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தேன்.

செருப்பு போட்ட இடத்தில் இல்லை. சுவரோர நிழலில், முனை வெளியே பார்த்தபடி, ஜோடியாக வைத்திருந்தது. எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அரபி, இந்தி எல்லாம் மறந்துபோய், “யாரு?” என்று தமிழில் கத்தினேன்.

“நான்தான்யா” என்று தமிழிலேயே பதில் வந்தது.

அந்த ஒரு கணத்துக்கு என் ஆயுளில் சில வருடங்களைக் கழித்துக்கொள்ளலாம். சுவருக்குப் பின்னாலிருந்து நொண்டிக்கொண்டு வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். உப்புப் பூத்த முகம், கைலி, வலது காலில் துணிக்கட்டு.

“நீங்க இந்த வீட்டுக்காரவுகளாய்யா?”

இல்லை என்றேன். பெயர் கருப்பையா, ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம் என்றான்.

“பம்பாயிலருந்து லாஞ்சுல வந்தோம். ராத்திரி கழுத்தளவுத் தண்ணியில எறக்கி விட்டுட்டான். கூட வந்தவுக நடந்து போயிட்டாக. எனக்குப் பாறை குத்தி நடக்க முடியல. இன்னியோட எட்டு நாளு. ஊரோட எதுவும் விசேசத்துக்குப் போயிருக்காக, வந்துருவாகன்னு இருந்தேன்.”

“தெருவை எதுக்குப் பெருக்கினே?”

“வர்றவுக களவாணின்னு நெனச்சுறப்படாதுல்ல? ஒரு வீட்டுக்குள்ளயும் கால் வைக்கல. மண்ணு போகாம கதவைச் சாத்தினேன். நல்ல ஆளுன்னு தெரிஞ்சா ஒரு வேல குடுக்க மாட்டாகளா? ஒங்க செருப்பு வெயில்ல சுட்டுருமேன்னு நகட்டுனேன். கூப்பிடத்தான் பயமா இருந்துச்சு.”

இந்த ஊருக்கு இனி யாரும் வரமாட்டார்கள், எல்லோரும் பிழைக்கப் போய் வருடக்கணக்காகிறது என்று சொன்னேன். அவன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

“இம்புட்டு வீட்டையும் விட்டுப்புட்டா?” என்று கேட்டு, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

கட்டை அவிழ்க்கச் சொன்னேன். பாதம் கறுத்து வீங்கி, வாடை அடித்தது. கொண்டுவந்த அவலும் தீர்ந்து, உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் காலம் தள்ளியிருக்கிறான். இன்னும் சில நாள் இங்கே கிடந்தால் கால் போய்விடும், ஆளே போனாலும் போகலாம். அதைப் பார்த்தபடியே நான் நினைத்தது என் விசாவைப் பற்றித்தான். பேப்பர் இல்லாதவனோடு பிடிபட்டால், என் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, கஃபீல், மறுநாளே என்னைக் குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பிவிடுவார். பிஸ்கட்டையும் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாமா என்றுகூட யோசித்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

என் கத்தலைக் கேட்டு ஜின்னுக்கும் அஞ்சாமல் குல் கான் ஓடி வந்திருந்தார். காலைப் பார்த்தார், நான் இந்தியில் சொன்ன கதையைக் கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நானும் லாஞ்சில் வந்தவன்தான் பாய். வண்டி என்னுடையது. மாட்டினால் ரெண்டு பேரும் மாட்டுவோம். நீங்க சொல்லுங்க.”

கருப்பையாவின் ஒரு தோளை நான் பிடித்தேன், மறு தோளை அவர் பிடித்தார்.

பத்தரை மணிக்கு வழியில் போலீஸ் நிறுத்தியது. போலீஸ்காரர் என் அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டு, பின்சீட்டைக் காட்டி யார் இது என்று அரபியில் கேட்டார். குல் கான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அகூய்” என்றேன். என் தம்பி.

அவர் என் மூக்குக் கண்ணாடியையும் அவன் உப்பு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு, போகலாம் என்று கையை அசைத்து, “யல்லா” என்றார்.

நண்பகலுக்கு வீடு. போன வேலைக்கு நோட்டில் ஒரு வாசலும் நாலு தூணும்தான் மிச்சம். கதவைத் திறந்த மனைவி எங்கள் இருவரையும் பார்த்து, “யாருங்க இது?” என்றாள்.

“என் தம்பி.”

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு அது தெரியும். அவன் காலைக் குனிந்து பார்த்தாள். வெந்நீர் வைக்க உள்ளே போனாள்.