சேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கல்லூரி

இன்று களம்பூர் பஸ்ஸில், எங்கள் தெருவில் பட்டு நெய்யும் கஜபதி தன் மகள் மல்லிகாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மல்லிகாவுக்கு பி.எட். படிக்க வேலூரிலும் மெட்ராஸிலும் இடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குள் ஒன்றில் சேர வேண்டும்.

நூலகம், விடுதி, பயிற்சிக்கு அனுப்பும் பள்ளிகள் எல்லாவற்றையும் விசாரிக்கச் சொன்னேன்.

"ரெண்டையும் நேர்ல பாத்துட்டேங்க, டீச்சரம்மா. வேலூர்ல யூனிபார்ம் சேலை மில் துணி. ரெண்டு தண்ணியில சாயம் போயிடும். துணி பாத்து வாங்கத் தெரியாதவங்க பாடம் சொல்லிக் குடுப்பாங்களா? மெட்ராஸ்ல காலேஜ் கேட்டாண்ட ஒரு பொண்ணு நின்னுகினு இருந்துச்சு. கட்டியிருந்தது நம்ம ஆரணிப் பட்டுங்க! அதான் காலேஜு."

மல்லிகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவர் கண்ணயர்ந்ததும் என் காதருகே குனிந்தாள்.

"எனக்கும் மெட்ராஸ்தான் ஆசை, டீச்சர். தூரம்னு அப்பா விடமாட்டாரு. அந்தப் பொண்ணு என் பிரெண்டு. அப்பா வர்ற அன்னிக்குப் பட்டு கட்டிகினு கேட்டாண்ட நில்லுடின்னு கார்டு போட்டேன்."

எதிரில் இருப்பவருக்கு எது புரியுமோ அதை வைத்தே பாடம் நடத்தத் தெரிந்த இவளுக்கு, பி.எட். இனி எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.