மூன்றாவது வளைவில் சித்தி

இறம்பொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து கண்டி ரோடு மூன்று பெரிய வளைவுகளாக இறங்கும். பஸ் சுற்றி வருவதற்குள், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஓடினால் அதற்கு முன்னால் போய் நிற்கலாம். அப்போது எனக்கு எட்டு வயது. அந்த ஓட்டத்தில் என்னை மிஞ்ச, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் ஆளில்லை என்ற கர்வம் எனக்கு.

அம்மாவின் தங்கை, என் சித்தி, ஊருக்குப் புறப்பட்ட அன்றும் ஓடினேன். கைக்குழந்தையிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். திருச்சிப் பக்கம் சொந்தத்தில் கல்யாணம் முடிவாகியிருந்தது. தீபாவளிக்கு வந்துவிடுவாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். கப்பல் ஏறும் தலைமன்னார் வரை துணைக்கு அப்பா போனார்.

முதல் வளைவில் காட்டுச் சூரியகாந்தியை ஒரு கொத்தாக ஜன்னலுக்கு நீட்டினேன். சித்தி சிரித்துக்கொண்டே வாங்கினாள். இரண்டாவதில் உண்ணிப்பூ, முள் கீறி என் கையெல்லாம் ரத்தம். அவள் கண்கள் சிவந்திருந்தன. பஸ் தோற்றுப்போன வருத்தம் என்று நினைத்தேன்.

மூன்றாவது வளைவில், நீர் கசியும் பாறையிடுக்கில் ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. இன்றுவரை அவற்றின் பெயர் எனக்குத் தெரியாது. எதிரே லொறி ஒன்று ஏறி வந்ததால் பஸ் ஒதுங்கி நின்றது. சித்தி இரண்டு கைகளையும் வெளியே நீட்டினாள். எனக்கு விளையாட்டுப் புத்தி. பூக்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தீபாவளிக்கு வந்து வாங்கிக்கங்க சித்தி."

அவள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் எட்டிக் குனிந்தாள். பிறகு, "இப்பவே குடுத்துரு தங்கம்" என்றாள்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். லொறி கடந்தது. பஸ் திரும்பி மறையும் வரை அந்தக் கைகள் உள்ளே போகவில்லை.

கடல் தாண்டிய எங்கள் ஆட்களுக்குத் திரும்பி வர அனுமதி கிடைப்பது லேசல்ல என்பது, இரண்டு தீபாவளி போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சித்தி வரவேயில்லை.

அன்று வீட்டுக்கு ஓடிவந்து, சித்தியை ஏமாற்றிய கதையை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த அவள் கை நின்றது. பெரியவர்களோடு என்ன விளையாட்டு என்று அடி விழும் என எதிர்பார்த்தேன். அம்மா ஈரக் கையோடு என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். உலை கொதித்து வழிந்தது. அவள் எழவில்லை.

எனக்குப் பசித்தது. சோறு எப்போது ஆகும் என்று கேட்டேன்.