தேவாங்கு யாருக்குப் பங்காளி

எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். ஒரு நாள் காலை, கீழச்சிவல்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் மூடிபோட்ட ஓலைக் கொட்டானோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார். உள்ளே ஒரு தேவாங்கு.

"இது கொரங்கா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க டீச்சர்."

வேலி முள்ளை வெட்டும்போது அகப்பட்டதாம். குடும்பத்துக்கு ஆகாது, அடித்துப் போடவேண்டும் என்று அவருடைய அண்ணன் ஒற்றைக்காலில் நிற்கிறார். குரங்கு இனமென்றால் அனுமார் வகை, தொடக்கூடாது என்பது இவர் கட்சி. "படிச்சவுக சொன்னா கேட்டுக்கிறேன்னுட்டாரு அண்ணன்."

வருஷக்கணக்காக லெமூரையும் தேவாங்கையும் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். உயிரோடு ஒன்றின் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

அவர் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நான் லென்ஸை எடுத்தேன். விரல்களில் நம்முடையதைப்போலத் தட்டை நகங்கள். காலின் இரண்டாம் விரலில் மட்டும் கூராக ஒரு கொக்கி. மூக்கு நாயின் மூக்கைப்போல ஈரமாக இருந்தது. என்னைக் கடிக்க வாயைத் திறந்தபோது கீழ்வரிசை முன்பற்கள் சீப்புப்போல நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். குரங்குக்கு இந்தக் கொக்கியும் ஈரமூக்கும் சீப்புப் பல்லும் கிடையாது. மடகாஸ்கர் லெமூருக்கு உண்டு. இத்தனை பெரிய கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே சீப்பு!

"கொரங்கு இல்லைங்கய்யா. கொரங்குக்குச் சொந்தம்."

"என்ன சொந்தம்? பங்காளியா, சம்பந்தியா?"

எந்தத் தேர்விலும் யாரும் இப்படிக் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னேன். "பங்காளி. ரொம்பத் தலைமுறைக்கு முன்னால பிரிஞ்சது. கடலுக்கு அங்குட்டு லெமூர்னு ஒண்ணு இருக்கு, அதுதான் இதுக்குக் கிட்டத்துப் பங்காளி."

"அப்ப நாம?"

"நாம கொரங்குப் பக்கம். நமக்கும் இது தூரத்துப் பங்காளிதான்."

அவர் தேவாங்கைக் கொட்டானுக்குள் விட்டு மூடியைப் போட்டார். "இத அண்ணங்கிட்ட நீங்களே வந்து சொல்லீருங்க. நாஞ் சொன்னா நம்பமாட்டாரு."

துறைத்தலைவருக்கு அதை ஃபார்மலின் ஜாடியில் போட ஆசை. "நம்மகிட்ட இல்லாத ஸ்பெசிமன்மா" என்றார். கேட்க வந்தவர் கொடுக்க வரவில்லை என்று சொல்லி, அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அண்ணன் முழுதையும் கேட்டார். "பங்காளின்னா வம்புல்ல வரும்" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் அடிக்கச் சொல்லவில்லை. "நம்ம வேலியில வேணாம். ஊருணிக்கு அங்குட்டு விட்டுட்டு வாங்க."

பொழுது சாயும் நேரம் ஊருணிக்கரைப் புதரில் விட்டோம். ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு மாற அது எடுத்துக்கொண்ட நேரத்தில் தம்பி ஒரு பீடியைக் குடித்து முடித்திருந்தார்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, தென்கிழக்காசியத் தீவுகளில் இருக்கும் டார்சியர் என்ற பெருங்கண் பிராணி எந்தப் பக்கத்துப் பங்காளி என்று கேட்டாள். கண்ணைப் பார்த்தால் தேவாங்குப் பக்கம், மூக்கைப் பார்த்தால் குரங்குப் பக்கம். புத்தகத்துக்குப் புத்தகம் ஒவ்வொரு மாதிரி எழுதியிருந்தார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். வகுப்பில் நின்று அப்படிச் சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு மணி அடிக்கும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.