சாமியார் மன்னிக்க மறுத்த பாவம்

சீட்டில் எங்கள் வீட்டுப் பெயர் வந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

போன வருஷம் கோடையில் நடந்தது. மரக்காணம் உப்பளத்தை ஒட்டின எங்கள் ஊரில் திருவிழாக் கொடி ஏறினால் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடக்கும். தினமும் வெளியூரிலிருந்து ஒரு சாமியார், அதாவது பாதிரியார், வந்து பிரசங்கம் வைப்பார். அன்றைய சாப்பாடு அவருக்கு யார் வீட்டில் என்று அன்பியத்தில் முன்கூட்டியே சீட்டுப் போட்டு எடுப்போம். அன்பியம் என்றால் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபம் பண்ணுகிற கூட்டம். சாப்பிட்ட சாமியார் வீட்டை மந்திரித்து, பிள்ளைகள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போவார். அதற்காகவே வருஷக்கணக்காகக் காத்துக்கிடக்கிற குடும்பங்கள் உண்டு.

எங்கள் வீட்டுக்கு விழுந்த சாமியார், எனக்கு இருபது வயதாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பங்குச்சாமியாராக இருந்தவர்.

அப்போது நான் பாடகர் குழுவில் இருந்தேன். பீடத்துத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோய் சாமியார் தங்குகிற பங்களாவில் வைப்பது என் வேலை. அந்தப் பங்களாவில் அவர் எனக்கு என்ன செய்தார் என்று இங்கே விவரிக்கப் போவதில்லை. ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதைச் சொல்லியே ஆக வேண்டும். "உன்னாலதான் நான் தவறிட்டேன். போய் நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணு" என்றார். பைத்தியக்காரி நான், அதை அப்படியே நம்பினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தவக்காலமும் யாராவது ஒரு சாமியாரிடம் முழங்காலில் நின்று, "கற்புக்கு எதிரா ஒரு சாமியாரோட பாவம் செஞ்சேன்" என்று சொல்லி அழுதிருக்கிறேன். அவர்களும் பெருமூச்சு விட்டு, அபராதமாக இத்தனை அருள் நிறை மந்திரம் சொல்லு என்று அனுப்பிவிடுவார்கள். சொல்லுவேன். ஒரு பாரமும் இறங்காது. கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள், கூடை கூடையாக உப்பு சுமந்தேன். இத்தனைக்கும் ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பேர். உப்பளத்தில் மேஸ்திரியையே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் கட்டின புருஷனிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

சீட்டு விழுந்த பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் சேவியர் சுண்ணாம்பு வாங்கி வந்தார். மாமியார் கோழிக்குச் சொல்லி வைத்தார். பிளஸ் ஒன் படிக்கிற மகள் ஜெனி, சாமியாருக்கு நான்தான் மாலை போடுவேன் என்று குதித்தாள். அந்தக் கை என் பிள்ளை தலையில் படப்போகிறதே. வராதே என்று சொல்லவும் முடியாது, ஏன் என்று சொல்லவும் முடியாது. நாலு சுவரும் என்மேல் நெருங்கி வருகிற மாதிரி இருந்தது. தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் அண்ணன் ஏன் என்று கேட்பான். காய்ச்சல் என்று படுக்கலாம் என்றால் மாமியார் சமைத்துப் போட்டுவிடுவார்.

நான் ஜெபித்த ஜெபத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆண்டவரே, அவர் கார் ரிப்பேர் ஆகட்டும். அவருக்கு விஷக்காய்ச்சல் வரட்டும். எதுவும் முடியாவிட்டால் என் உயிரை எடுத்துக்கொள்ளும். உப்புப் பாத்தியில் நின்றுகொண்டு இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருவிழாவுக்கு முன்னால் ஊரே பாவசங்கீர்த்தனம் செய்வது வழக்கம். அதற்கு வேறு மாவட்டத்திலிருந்து வயதான சாமியார் ஒருவர் வந்திருந்தார். வரிசையில் நின்று போய் வழக்கம் போல ஆரம்பித்தேன். மாமியாரைத் திட்டினேன், பூசைக்கு வராமல் இருந்தேன், ஒரு சாமியாரோடு பாவம் செய்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது நீ இஷ்டப்பட்டு நடந்துச்சாம்மா?"

இத்தனை வருஷத்தில் இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை.

"இல்ல சாமி. நான் கதவத் தொறக்கப் பாத்தேன். வுடல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "மத்ததுக்கெல்லாம் மன்னிப்பு தர்றேன். இதுக்குத் தரமாட்டேன். இது உன் பாவமே இல்ல. அவன் பாவத்த நீ எப்படிம்மா சங்கீர்த்தனம் பண்ணுவ?"

அபராதம் என்ன சாமி என்று பழக்கத்தில் கேட்டேன். இன்றைக்குப் போய் வயிறாரச் சாப்பிடு, அதுதான் என்றார். இங்கே கேட்டதை அவர் வெளியில் மூச்சு விட முடியாது, அது சட்டம். அதனால் வெளியே சொல்வதா வேண்டாமா என்பது என் முடிவு, யாரும் என்னை அவசரப்படுத்தக் கூடாது என்றார். என்னைப் போல அடிபட்டவர்கள் கூடுகிற ஒரு குழு பாண்டிச்சேரியில் இருக்கிறது, அதை நடத்துகிற, மனசுக்கு ஆலோசனை சொல்லுகிற கவுன்சிலர் அம்மா எந்தக் கோயிலுக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்றும் சொன்னார்.

வெளியே வந்த எனக்கு சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செய்யாத பாவத்துக்கா இத்தனை வருஷம் முட்டி தேய்ந்தது! அன்றைக்குத்தான் என் ஜெபம் மாறியது. அவரை வராமல் பண்ணும் என்று கேட்பதை விட்டேன். என் வாயைத் திறந்துவிடும் ஆண்டவரே என்று கேட்டேன்.

அடுத்த நாள் சேவியர் முன் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மட்டையைப் பக்கெட்டில் போட்டார். என் முகத்தைப் பார்த்தார். உப்பளத்துப் பக்கம் நடந்துவிட்டார்.

அந்த மத்தியானத்தை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். தொலைந்தது, இனி இந்த வீட்டில் நமக்கு இடமில்லை என்று நினைத்தேன். பாதி வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஜெனி டியூஷன் விட்டு வந்து என்னம்மா என்று கேட்டாள். சாப்பாட்டைப் போட்டு அவளை உள்ளே அனுப்பினேன்.

பொழுது சாய அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அன்பியத்துல சொல்லிட்டு வந்துட்டேன் லில்லி. நம்ம வூட்ல அந்தாளுக்கு சோறு கிடையாது. ஏன்னு கேட்டாங்க. அந்தாளையே போய் கேளுங்கன்னுட்டேன்."

நான் அப்படியே தரையில் சரிந்து அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

அந்தச் சாமியார் கார் ரிப்பேர் ஆகவில்லை. காய்ச்சலும் வரவில்லை. நன்றாக வந்து, பிரசங்கம் வைத்து, வேறு வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆனால் என் வாசலை மிதிக்கவில்லை. அந்தக் கை என் பிள்ளை தலையில் படவில்லை.

அப்புறம் எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. விஷயம் தெரிந்ததும், குடும்ப மானம் கப்பலேறிப்போச்சே என்று மாமியார் ஒப்பாரி வைத்தார். கப்பலேறியது என் மானம் இல்லை அத்தை, அந்தாள் மானம் என்றேன். தெருவில் சில பெண்கள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வயதான சாமியாரை வைத்து எல்லாச் சாமியார் மேலும் நம்பிக்கை வந்துவிடவும் இல்லை. கோயிலில் கதவோரம்தான் நிற்கிறேன், சில நாள் பாதிப் பூசையில் எழுந்து வந்துவிடுவேன். ஆண்டவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பாண்டிச்சேரிக் குழுவுக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் மாதம் நானும் சேவியரும் முடிவு செய்து புகார் கொடுத்தோம். கவுன்சிலர் அம்மா கூடவே வந்தார். விசாரணை நடக்கிறது. முடிவு எப்படி வரும் என்று தெரியாது. ஆனாலும் படுத்தால் தூக்கம் வருகிறது. உப்பு வாரும்போது என்னை அறியாமல் பாட்டு வருகிறது. இதைவிடப் பெரிய அற்புதம் எனக்கு வேண்டாம். ஆண்டவருக்கு நன்றி, என்னை நம்பினவர்களுக்கும் நன்றி.

போன மாதம் குழுவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஓரத்தில் உட்கார்ந்தாள், பேர்கூடச் சொல்லவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் என்னிடம் வந்து, "அக்கா, நீங்க சொன்னப்ப உங்கள நம்புனாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

நம்பினார்கள் என்றேன். ஆண்டவர் முதலில் நம்பினார். அப்புறம் ஒரு கிழவர், அப்புறம் என் புருஷன். எல்லாருக்கும் கடைசியாகத்தான் நானே என்னை நம்பினேன் என்றேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது அவளைப் போல இருக்கலாம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம், இன்றைக்கே சொல்லவும் வேண்டாம். உங்களுக்குத் தோன்றுகிற நாளில், பத்திரமான ஒரே ஓர் ஆளிடம் சொல்லுங்கள். யாரும் இல்லை என்றால் எங்களிடம் வாருங்கள். நாங்கள் உங்களை நம்புகிறோம்.